மாத்திரை டப்பாவில் தொங்கிய சிவப்பு அட்டை

என் வீட்டுக்காரர் வடக்கே கிளம்புவதற்கு முன்னால், என் மாத்திரை டப்பாவைக் கட்டுக்கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முறுக்கி, அதில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். 'ஆபத்து. தொடாதே. வேலை நடக்கிறது' என்று அட்டையில் அச்சடித்திருந்தது. கீழே அவர் பெயர், கையெழுத்து. என்ன வேலை என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று கேட்கிறார்கள். எங்கள் டவுன்ஷிப்பில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கை பிழைத்திருக்கும்.

அவர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் இருக்கிறார். அங்கே எந்த மெஷினுக்குள் ஆள் இறங்கினாலும், முதலில் அதற்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி. எடுப்பது என்பார்கள்; வேலை முடிந்து அட்டையைக் கழற்றினால் எல்.சி. திரும்பியது என்று அர்த்தம். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும் சரி, மாட்டியவர் வெளியே வந்து, "ஆள் எல்லாம் வெளியே வந்தாச்சா?" என்று உரக்கக் கேட்டு, பதில் வாங்கி, தன் கையால் கழற்றிய பிறகுதான் மெஷின் ஓடும். நல்ல பழக்கம்தான். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் கோளாறு.

தொட்டி கழுவும்போது மோட்டார் சுவிட்சில் அட்டை மாட்டினார். சரி, அதில் நியாயம் இருக்கிறது. பிறகு ஊறும்வரை யாரும் தொடக்கூடாது என்று மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மாட்டினார். மகன் பிளஸ் டூ படித்த வருஷம் முழுக்க டி.வி.யில் ஒன்று தொங்கியது. அவன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். துணிக்கடையில் சிவப்பாக விலை அட்டை தொங்கினால் இன்றும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சட்டையைப் பார்க்கிறான்.

ஆனால் அவருக்கு இது விளையாட்டு இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தெற்கே ஒரு நூல் மில்லில் இருந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதர் மெஷினுக்குள் கையை விட்டிருந்தபோது, எவனோ ஒருத்தன், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் அட்டையைக் கழற்றி சுவிட்சைப் போட்டுவிட்டான். அந்தச் சிநேகிதர் எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் அட்சதை போட்டார். அதைப் பார்த்தவள் நான். அதனால் என் ஆயுளில் ஒரு சிவப்பு அட்டையையும் தொட்டதில்லை.

எனக்கு வந்தது முடக்குவாதம். ஒருநாள் காலையில் எழுந்து ஜாக்கெட் போட்டேன், கொக்கி மாட்ட வரவில்லை. விரல்கள் ஊறின கடலை போல உப்பியிருந்தன. மத்தியானத்துக்குள் சரியானது. மறுநாள் மறுபடியும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் வயதுக்கு வந்த நாளிலிருந்து நானே மாட்டிக்கொண்ட கொக்கியை மாட்டிவிடச் சொல்லி இன்னொருத்தர் முன்னால் நிற்கிற அவமானம் இருக்கிறதே, அதைப் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் மாட்டிவிடுவார். பாய்லர் குழாயில் போல்ட் முடுக்குகிற கை அது. ஒவ்வொரு கொக்கிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடிந்ததும் இழுத்துப் பார்த்து, "டைட்டா இருக்கு" என்று எனக்குத் தகவல் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கொக்கியை நானே மாட்ட வேண்டும், அது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று எல்லா சாமியிடமும் சொல்லிவிட்டேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி இந்த ஊர்ப்பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன், அங்கேயும் இதே சிவப்பு அட்டைதான். நல்ல மனசு, ஆனால் அவள் சொல்கிற வைத்தியத்துக்கு முடிவே கிடையாது. "உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லக்கா, அதான் கை வீங்கிகினு இருக்குது" என்று சீந்தில் கஷாயம் கொண்டுவந்தாள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லோருமே எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏற்றினேன். கை இன்னும் வீங்கியது.

பாண்டிச்சேரியில் ஒரு மூட்டு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லம்மா. ஜாஸ்தி. அது உங்களையே அடிக்குது" என்றார்.

ஒரு காகிதத்தில் விரல் மூட்டை வரைந்தார். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சிலது, கிருமி வந்தால் சத்தம் போட்டு மற்றதைக் கூப்பிடுமாம். சிலது ஓடிவந்து சண்டை போடுமாம். சண்டை முடிந்ததும் கலைந்து போய்விட வேண்டும். "உங்க மூட்டுல கிருமியே இல்ல. ஆனா கூப்பிடறதும் நிக்கல, வர்றதும் நிக்கல. வந்ததெல்லாம் உள்ளயே தங்கி, மூட்டுச் சவ்வை வீங்க வெச்சு, எலும்பை அரிக்குது. அரிச்சது திரும்ப வராது, அதான் அவசரம்" என்றார்.

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப, ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாத ஆளுங்க."

"அப்படியே வெச்சுக்கலாம்."

"இவங்களுக்கு ஓவர்டைம் யாரு குடுக்கறா?"

டாக்டரம்மா பேனாவை நிறுத்தி யோசித்தார். "அதைத்தான் உலகம் பூரா தேடிக்கிட்டிருக்காங்க" என்றார்.

மருந்துகளையும் பொறுமையாகச் சொன்னார். வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும், உள்ளே இருக்கிற ஆளை அனுப்பாது. ஸ்டீராய்டு ஒரே அதட்டில் எல்லோர் வாயையும் அடைத்துவிடும், ஆனால் ரொம்ப நாள் அதட்டினால் எலும்பும் சர்க்கரையும் கெட்டுப்போகும். முக்கியமானது வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரை. அது அணுக்களை ஒட்டுமொத்தமாக அழித்துவிடாது. புது ஆள் பெருகுவதை மட்டுப்படுத்தும், அமைதியாக இருங்கள் என்று அணுக்களுக்குச் சொல்கிற ஒரு சரக்கை மூட்டில் கூட்டும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். தப்பித்தவறித் தினமும் போட்டுவிட்டால் ஆபத்து.

"அப்ப இது சங்கு" என்றார் என் வீட்டுக்காரர். "ஷிப்ட் முடிஞ்ச சங்கு. வாரம் ஒரு தடவை ஊதறோம்."

டாக்டரம்மா சிரித்தார். எனக்கு மானம் போனது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சங்கு மாத்திரைதான். வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை என்பதால் எனக்கும் வியாழக்கிழமை சங்கு. வெள்ளிக்கிழமை முழுக்க வாயில் எச்சில் ஊறிக் குமட்டும், சோற்றைப் பார்த்தாலே பிடிக்காது. பக்கத்து வீட்டுக் கஷாயம் வருவது மட்டும் நிற்கவில்லை. வேண்டாம் என்றால் அவள் மனசு கஷ்டப்படும். எனவே வாங்கிச் செம்பருத்திக்கு ஊற்றினேன். அந்தச் செம்பருத்தி போல ஆரோக்கியமான செடி எங்கள் பிளாக்கிலேயே இல்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் பாட்டுக்குக் கொக்கியை மாட்டிக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லாக் கொக்கியும் மாட்டியிருந்தேன். மேல் கொக்கி உட்பட. பால் பொங்கி வழிந்தது, நான் அப்படியே நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இல்லை.

அந்த ஐப்பசி மழையில்தான் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், இருமல் வேறு. அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, வாசலில் நின்று பேசிவிட்டு வந்தார். "ஜுரம் இருக்கறப்ப சங்கு மாத்திரை போடக்கூடாதாம். கிருமியோட சண்டை போட ஆள் வேணுமாம்" என்றார். அதுவும் நியாயம்தான். மறுநாளே அவர் ராஜஸ்தான் பக்கம் ஒரு மின் நிலையத்தில் பாய்லர் பிரித்துப் பார்க்கிற வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காய்ச்சலில் நான் ஏதோ நினைவில் மாத்திரையை எடுத்து விழுங்கிவிடுவேன் என்று பயந்துதான் கம்பியையும் அட்டையையும் எடுத்தார்.

காய்ச்சல் சில நாளில் விட்டது. இருமல் விடவில்லை.

அவர் தினமும் போனில் கூப்பிட்டார். "ஜுரம் விட்டுடுச்சு, இருமல் மட்டும் இருக்கு" என்றேன்.

"அப்ப வேலை முழுசா முடியல. முடியாம லைன்ல கரண்ட் விடக்கூடாது. நான் வந்து பாத்து எடுக்கறேன்" என்றார்.

நானும் சரி என்றேன். டாக்டரம்மாவிடம் பேசியவர் அவர், மாட்டியவர் அவர், எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்று நான் நினைத்தேன். காய்ச்சல்காரி அவள், டாக்டரிடம் அவளே கேட்டுச் சொல்வாள் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் விதிப்படி காத்திருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வாரங்கள் பிடித்தும் இருந்தன. வெள்ளிக்கிழமைக் குமட்டல் இல்லை, வாய்க்கு ருசி வந்தது, கை நன்றாகத்தான் இருந்தது. இருமலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுக் கஷாயத்தைச் செம்பருத்திக்கு ஊற்றாமல் நானே குடித்தேன். சங்கையும் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவர்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் தேங்காய் மூடி கையிலிருந்து நழுவியது. அடுத்த வாரம் வாளியைத் தூக்க முடியவில்லை. இதை நான் போனில் சொல்லவில்லை. மனுஷர் அங்கே பாய்லருக்குள் ஏணியில் நிற்கிறார், என் கையை நினைத்துக்கொண்டு கால் பிசகினால் யாருக்கு என்ன லாபம் என்று விட்டுவிட்டேன். "கை எப்படி?" என்று கேட்டால் "இருக்கு" என்பேன். அவர் அங்கே கிடைக்கிற சப்பாத்தியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அவர் திரும்பி வருவதற்கு முதல் நாள் காலையில் வலது கை மொத்தமாக மடங்கி நின்றுவிட்டது. ஒரு கொக்கிகூட மாட்ட வரவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து மாட்டிவிட்டு, என் கையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"இன்னாக்கா இது, இப்பிடி வெச்சிகினு கம்முனு இருக்கீங்க. மாத்திரை போடலியா?"

நான் அலமாரியைக் காட்டினேன். அவள் டப்பாவை எடுக்கப் போனாள். சிவப்பு அட்டையைப் பார்த்தாள். சுடுபாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, டேக் போட்டுருக்குது. இத தொடக்கூடாதுங்களே. எங்க வூட்டுக்காரர கூப்பிடறேன் இருங்க."

அவள் வீட்டுக்காரர் வந்தார். கண்ணாடியைப் போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அட்டையைப் படித்தார். "காய்ச்சல்னு எழுதியிருக்காரு. காய்ச்சல் இப்ப இருக்குதாங்க?"

"போய் மாசக்கணக்காச்சு."

"அப்ப வேலை முடிஞ்சிடுச்சு. ஆனா எல்.சி. இன்னும் திரும்பல" என்று பெருமூச்சு விட்டார். எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஷிப்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டார். அவரும் லுங்கியோடு வந்து சமையலறையில் நின்றார். ஒரு எவர்சில்வர் டப்பாவைச் சுற்றி மூன்று பேர். நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலாவதாக நிற்கிறேன்.

"மாட்டினவர் ஊர்ல இல்லன்னா மேலதிகாரி எடுக்கலாம்" என்றார் இன்ஜினியர். "ஆனா மாட்டினவர் உள்ள இல்லைங்கறத முதல்ல உறுதிப்படுத்தணும்."

"எதுக்குள்ள?" என்றேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். அரைக் கிலோ சர்க்கரை கொள்கிற டப்பா. "விதி அப்படிம்மா" என்றார்.

"கடைல புதுசா மாத்திரை வாங்கியாந்து ஒண்ணு போட்டுக்கினா?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அது பைபாஸ். டேக் தொங்கறப்ப பைபாஸ் போடறது, கழட்டறதவிடப் பெரிய தப்பு. அதுக்கு மெமோவே குடுத்திருக்கேன்."

அதோடு டாக்டர் சீட்டும் டப்பாவுக்குள்ளேதான் இருக்கிறது, சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைக் கடையில் கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சீட்டையும் சேர்த்து எல்.சி. எடுத்தது என் வீட்டுக்காரரின் தொழில் சுத்தம் என்று இன்ஜினியர் பாராட்டினார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "விரல் எல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க விதி பேசிக்கிட்டு இருக்கீங்க. யாராவது ஒருத்தர் அந்தக் கம்பிய வெட்டுங்க" என்றேன்.

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். "என் கையால மாட்டேன்க்கா, கேட்காதீங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கண் கலங்கியிருந்தது. அவர்தான் நாளைக்குக் காலையில் வந்துவிடுகிறாரே, அவரே எடுக்கட்டும் என்று முடிவானது. முடிவு எடுத்த நிம்மதியில் எல்லோரும் காபி குடித்தார்கள். என்னால் பாத்திரம் பிடிக்க முடியாததால் அவளே போட்டாள்.

அவர்கள் போனதும் நானே எடுப்பது என்று துணிந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்த வழக்கம், போகட்டும். அவருடைய பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். அதை விரிக்க முடிந்தது, மூட முடியவில்லை. கம்பியைப் பிரிக்கலாம் என்றால், யார் கையையும் கீறிவிடக்கூடாது என்று முனைகளை உள்ளே மடக்கி ஒளித்து வைத்திருந்தார். எவ்வளவு அக்கறை. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன், டப்பா கீழே விழுந்து உருண்டது. நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வலியால் அழவில்லை, ஆத்திரம். அட்டையைத் தொட மாட்டேன் என்று இருந்தவள் தொடலாம் என்று நினைத்தபோது, தொடுவதற்குக் கை இல்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். தோளில் பையும் கையில் ராஜஸ்தான் அப்பளமுமாகச் சிரித்துக்கொண்டே நுழைந்தார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றேன். துண்டு எதற்கு என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பையை வைத்துவிட்டு என் கையை வாங்கிப் பார்த்தார். போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜுரம் விட்டதும் எனக்குப் போன் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிங்கன்னு சொன்னேனே" என்றார் டாக்டரம்மா. "லேசான இருமலுக்கெல்லாம் இத்தனை நாள் நிறுத்துவாங்களா? உள்ள எவ்வளவு அரிச்சிருக்கோ தெரியலையே. இன்னிக்கே போடுங்க. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. ஏன் நிறுத்தி வெச்சீங்க?"

அவர் போனை வைத்தார்.

டப்பாவை மேடையில் வைத்து, பிளேயரைக் கம்பியில் கொடுத்தார். அப்போதும் பழக்கம் விடவில்லை. பாய்லருக்குள் கேட்கிற அதே குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறாற்போல, "ஆள் எல்லாம் வெளியே வந்தாச்சா?" என்றார்.

"இல்ல" என்றேன். மடங்கிய கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒருத்தன்கூட வரல. எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க."

அவர் கை நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் கழற்றக்கூடாது. அவருக்குத் தெரிந்த விதிகளில் மீற முடியாத விதி அது ஒன்றுதான். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கல்யாணத்தில் துண்டுக்குள் இருந்த கையைத்தான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் எனக்கு மறந்துபோனது.

ஆள் உள்ளே இருக்கும்போதே வெட்டினார். கம்பித் துண்டுகள் மொசைக் தரையில் சிதறின. அன்றைக்கு வியாழக்கிழமை இல்லை, அதையும் அவர் பார்க்கவில்லை. மாத்திரையை என் நாக்கில் வைத்து, தம்ளரை அவரே பிடித்துக்கொண்டார். தண்ணீர் பாதி என் கழுத்தில் வழிந்தது.

பிறகு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், எல்.சி. திரும்பிவிட்டது என்று தகவல் சொன்னார். அந்த எலெக்ட்ரீஷியன் விடவில்லை. "ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்களாங்க?" என்று கேட்டார். "வந்தாச்சு" என்றார் இவர். எல்.சி. விஷயத்தில் அவர் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஸ்டீராய்டு கொஞ்ச நாள் அதட்டியது, சங்கு மாத்திரை மாதக்கணக்கில் ஊதியது, பெரும்பாலானவர்கள் ஒருவழியாகக் கலைந்து போனார்கள். ஆனால் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதற்குள் அரித்துவிட்டிருந்தார்கள். அவை இனி நிமிராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கீழ்க் கொக்கிகளை எப்படியோ மாட்டிக்கொள்கிறேன். மேல் கொக்கி மட்டும் வருவதில்லை.

அதை அவர்தான் மாட்டுகிறார். இப்போது இழுத்துப் பார்ப்பதில்லை, தகவலும் சொல்வதில்லை. முதல் ஷிப்ட் வாரத்தில் இருட்டோடு கிளம்ப வேண்டும், அதனால் என்னையும் எழுப்பிவிடுகிறார். அரைத் தூக்கத்தில் எழுந்து நின்று மாட்டிக்கொண்டு, அவர் சைக்கிள் போகிற சத்தம் கேட்டதும், கொக்கி எல்லாம் மாட்டிய ஜாக்கெட்டோடு திரும்பப் படுத்துக்கொள்கிறேன்.